நீதிபதிக்கு விழுந்த ஓட்டு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றி மருந்துக்கும் கிடையாது. பார்ஸ்லோ ஊர்ச்சபையில் இருபது வருஷம் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், நம்பலாம்.

ஜோதாம் விகின் சாதாரண ஆளா? இங்கிலாந்து ராஜாவோடு மல்லுக்கட்டி நாங்கள் தனி நாடானபோது, எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துக்கு முக்கால்வாசிச் சட்டத்தைத் தன் கையால் எழுதியவர். அப்புறம் குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்ட நீதிபதி. எல்லாம் தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் பார்த்துக் கொடுத்த பதவிகள். சொந்த ஊரில் எந்தத் தேர்தலில் நின்றாலும் மண்ணைக் கவ்வுவார். அவருடைய வாய் அப்படி. வேலி சாய்ந்த தகராறுக்குக்கூட லத்தீனில் ஆரம்பித்து மத்தியானம்வரை பேசினால் எவன் ஓட்டுப் போடுவான்?

அறுபத்திரண்டு வயதில் கவர்னர் பதவிக்கு நின்றார்.

“அப்னர், மத்த ஊரெல்லாம் கைவிட்டாலும் பரவால்லடா. நம்ம ஊரு ஒரு தடவையாவது என்னைத் தேர்ந்தெடுக்கணும்” என்று என்னிடம் சொன்னார்.

மார்ச் மாத ஊர்க்கூட்டம். கவர்னருக்கான ஓட்டுச் சீட்டுகளை என் தொப்பியில் வாங்கி எண்ணினேன். எதிராளிக்கு நூற்று நாற்பத்து மூன்று. நீதிபதிக்கு நாலு. அதில் ஒன்று அவருடையது, இன்னொன்று என்னுடையது. மனிதர் குனிந்த தலை நிமிரவில்லை.

அடுத்தது பன்றிக் காவலர் தேர்தல். மூக்கில் வளையம் இல்லாமல் தோட்டம் புகுந்து மேய்கிற பன்றிகளைத் துரத்திப் பிடிக்கிற உத்தியோகம். அந்தக் குளிர்காலத்தில் கல்யாணம் ஆனவன் தலையில் இதைக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். மாப்பிள்ளை சேற்றில் புரளுவதைப் பார்ப்பதில் ஊருக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

கொல்லன் சேடக் எழுந்தான். “ஜனவரில நம்ம சத்திரக்கார மெஹிட்டபல் அம்மாவைக் கட்டின புது மாப்ள யாருப்பா? ஜட்ஜய்யாதான? தூக்குங்கடா கைய!”

அத்தனை கையும் மேலே போனது. கூரை அதிரச் சிரிப்பு. அட பாவிகளா, நேரம் காலம் வேண்டாமா!

நீதிபதி முகம் சிவக்க எழுந்தார். “சட்டப்படி விலக்கு இருக்கு! பாதிரியாருக்கு உண்டு, டாக்டருக்கு உண்டு...”

“ஜட்ஜுக்கு?” என்றான் சேடக்.

“இருந்துச்சு. நீதிபதி என்ன வானத்துலேருந்து குதிச்சவனான்னு நான்தான் கோடு போட்டு அடிச்சுட்டேன்.”

பெஞ்சிலிருந்து இரண்டு பேர் சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தார்கள். லத்தீன் வரப்போகிறது என்று நான் பேனாவைக் கீழே வைத்தேன். வரவில்லை. அவர் வாயைத் திறந்தபடி தூக்கிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்னர், எத்தன கை?”

“அவங்க நூத்து நாப்பத்தஞ்சு. நம்ம ரெண்டு பேரு மட்டும் தூக்கலங்கய்யா.”

“எதிர்ப்பு?”

“ஒருத்தருமில்ல.”

அவர் மோவாய் நடுங்கியது. சேடக்குக்கே சங்கடமாகிவிட்டது. “ஐயா, சும்மா தமாசுக்குத்தான். வேணாம்னா விட்ருங்க, வேற ஆளப் பாத்துக்கறோம்.”

“உக்காருடா!” என்று அதட்டினார் நீதிபதி. “ஊரே கூடிப் போட்ட ஓட்டு. அதை மாத்த நீ யாரு?”

பைபிள்மேல் கை வைத்துப் பதவி ஏற்றார். பிறகு என் பக்கம் குனிந்து, “எதிர்ப்பே இல்லன்னு எழுதிட்டியா? கொஞ்சம் சத்தமாப் படி” என்றார்.