ரெண்டு கிளாவர்

கையில் பதினாறு புள்ளி. நான்கு இனச் சீட்டுகளும் அளவாகப் பங்கு போட்டதுபோல வந்திருந்தன. "ஒரு நோ ட்ரம்ப்," என்றேன். பிரிட்ஜ் ஆட்டத்தில் அதற்கு, எனக்கு எல்லாப் பக்கமும் பலம் இருக்கிறது, துணிச்சல் இருந்தால் குறுக்கே வா என்று அர்த்தம். இடப்பக்கம் இருந்த அண்ணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு கிளாவர்," என்று குறுக்கே வந்தார்.

ஒன்பது வருடம் அண்ணி என் ஜோடி. மணிக்கட்டு முறிந்து நான்கு மாதம் நான் வீட்டில் கிடந்தபோது, அந்த நாற்காலியில் மருந்துக்கடைக்காரி வந்து உட்கார்ந்தாள். நன்றாக ஆடுகிறாள், மரியாதையாகப் பேசுகிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கட்டுப் பிரித்து வந்த எனக்குக் கிடைத்தது அண்ணன். பாதி ஆட்டத்தில் துருப்பு எது என்று கேட்பான். ஆண்டுப் போட்டிக்கு அன்று ஐந்து மணிக்குள் ஜோடிப் பெயர் கொடுக்க வேண்டும். அண்ணி இன்னும் யார் பெயரையும் கொடுக்கவில்லை.

அந்த ரெண்டு கிளாவரை நான்தான் எங்கோ படித்துவிட்டு வந்து அண்ணி வீட்டுச் சமையலறையில் சொன்னேன். சொல்பவர் கையில் கிளாவர் இருக்கவே இருக்காது. ஆட்டினும் இஸ்பேடும் நீளமாக இருக்கின்றன, ஒன்றை நீ தேர்ந்தெடு என்று அதற்குப் பொருள். எத்தனையோ பேர் ஆடுவதுதான், ஆனால் எங்கள் கிளப்பில் நாங்கள் இருவர் மட்டும்.

ஏலம் சொன்னவர் வாயைத் திறக்கக் கூடாது, அர்த்தத்தை அவர் ஜோடிதான் விளக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் தன் முறையில் மருந்துக்கடைக்காரியிடம் அர்த்தம் கேட்டான். அவளுக்கும் தெரிந்திருந்தால் எனக்கென்று அண்ணியிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

"கிளாவர் நீளமா இருக்கு, அவ்வளவுதான். வேற எதுவும் நாங்க பேசி வைக்கல," என்றாள்.

அண்ணியின் முகம் அசையவில்லை. காது மட்டும் சிவந்தது. என் குரலில் நோ ட்ரம்ப் என்று கேட்டதும் பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. எனக்கு ஒரே குதூகலம். அண்ணனும் அவளும் பாஸ் சொன்னார்கள். தோற்றால் தண்டம் இரட்டிப்பு என்று நான் டபுள் சொன்னால் அண்ணி உஷாராகி ஆட்டினுக்குத் தப்பித்துவிடுவார். ஒன்றும் தெரியாத பாப்பாவாக நானும் பாஸ் என்றேன்.

கையில் இல்லாத கிளாவரே துருப்பாகிவிட, எட்டுப் பிடி எடுக்க வேண்டிய அண்ணி மூன்று எடுத்தார். மேசையில் விரித்துவைத்த மருந்துக்கடைக்காரியின் கையில் நாலு இஸ்பேட் வீணாகக் கிடந்தது.

"தப்பு என்னோடதுதான்," என்றார் அண்ணி அவளிடம். "அது இவளோட ஆடுனது. இவ கொண்டுவந்தது. நான் எப்படி உனக்குச் சொல்லித் தர்றது? இவகிட்டயே கேளு."

அவள் மதிப்பெண் தாளைத் திருப்பி, பென்சிலோடு என் பக்கம் நீட்டினாள். "எழுதிக் குடுங்கக்கா."

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளைத் தொடவில்லை.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லையே," என்றேன்.

"என்னது?" என்றான் அண்ணன். "நேத்து எனக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தியே, அதானே இது?"

என் கை தானாகச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தது. அண்ணி எழுந்து, நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பென்சிலை வாங்கி, தாளின் தலைப்பில் நோ ட்ரம்ப் என்று எழுதி அடிக்கோடு போட்டார். இருவர் தலையும் அந்தத் தாளின் மேல் சேர்ந்து குனிந்தன.