கடிக்குளிசையும் சப்பறத் திருவிழாவும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னம்பலம் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்க்கக் குணலட்சுமிக்கு மனம் குளிர்ந்தது. கட்டிய புருசன் கடி தாங்காமல் நெளிவதைப் பார்த்துச் சந்தோசப்படுகிறவள் எல்லாம் ஒரு பெண்சாதியா என்று கேட்பவர்கள், முதலில் அந்த மனிதர் அவளுக்கு என்ன செய்தார் என்று கேட்டுவிட்டு வரட்டும்.

கடியும் அரிப்பும் அவராகத் தேடிக்கொண்டவை. புத்தூரில் அவர்களுடைய வெங்காயத் தோட்டத்து வேலியோரம் பார்த்தீனியம் இடுப்பளவுக்கு வளர்ந்து கிடந்தது. "மேலுக்குச் சேட்டைப் போட்டுக்கொண்டு, கைக்கு உறை மாட்டிப் பிடுங்குங்கோ" என்று அவள் சொன்னாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே வெறும் மேலோடு இறங்கிப் பிடுங்கினார். பொழுதுபடுவதற்குள் கையும் கழுத்தும் முதுகும் தடித்துச் சிவந்துவிட்டன. பெண்சாதி சொல் கேட்பது அவருடைய பரம்பரையிலேயே இல்லை.

சந்தியிலுள்ள மருந்துக்கடைக்கு ஓடியதும் அவள்தான். அங்கே நிற்கிற சுபாஜினி குளிசையைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா விடுகிற பிள்ளை இல்லை.

"அன்ரி, இரவு படுக்கேக்கை ஒண்டு குடுங்கோ. நல்லா நித்திரை தூக்கும். இதைப் போட்டிட்டு மோட்டச்சைக்கிள் ஓட விடாதேங்கோ. தண்ணி இறைக்கிற மிசினோடையும் நிக்கக் கூடாது. கள்ளுப் பக்கம் போகவே கூடாது."

"அவருக்குத் தும்மலும் தடிமனும் கிடக்குப் பிள்ளை."

"அப்ப கவனம். கன தடிமன் குளிசையளுக்குள்ளை உந்தக் கடி மருந்தும் கலந்து கிடக்கு. ரெண்டையும் சேத்துப் போட்டால் ஆள் இருந்த இருப்பிலை நித்திரையாப் போவார். வயசு போன ஆள், விழுந்து கிழுந்தால் வில்லங்கம். மறக்காமல் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்" என்றுதான் குணலட்சுமி வந்தாள். வரும் வழியில்தான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயில் கூட்டம் நினைவுக்கு வந்தது.

அவர்களுடைய அம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். தேருக்கு முதல் நாளிரவு வருகிற சப்பறத் திருவிழா பொன்னம்பலத்தின் பாட்டன் காலந்தொட்டு அவர்களுடையது. ஐந்து வருடங்களுக்கு முன் பொன்னம்பலம் வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை செய்து படுத்திருந்தபோது, கோயில் செயலாளர் கனகசபாபதி வந்து, "இந்த வருசம் மட்டும் நான் செய்யிறன் மச்சான்" என்று வாங்கிக்கொண்டு போனார். போனது போனதுதான். கேட்கப் போனபோது, "பொன்னம்பலத்தாருக்கு இனி ஏலாது" என்று ஒலிவாங்கியில் ஊருக்கே அறிவித்தார். அந்தக் கனகசபாபதி வேறு யாருமில்லை, குணலட்சுமியின் கூடப்பிறந்த அண்ணை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவளுக்கு ஐந்து வருடமாக அந்த இடிதான். "கொண்ணை வீட்டு முத்தத்து மண்ணை மிதிச்சால் திரும்பி இந்தப் படலைக்குள்ளை வராதை" என்று புருசன் சொல்லிவிட்டார். அண்ணையோ ஒரு தடவைகூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். போன மாரியில் அந்த வீட்டில் அம்மா சிவக்கொழுந்து செத்தபோது, பெற்றவளுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட்டுவிட்டு வருகிறேன் என்று காலில் விழாத குறையாகக் கேட்டாள். பொன்னம்பலம் படலையை மறித்துக்கொண்டு நின்றார். பாடை வீட்டுக்கு முன் ஒழுங்கையால் போனது. இவள் வேலிக்கு மேலால் பார்த்து அழுதாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலே நின்றார்.

அன்றைக்கு நெஞ்சில் பற்றிய நெருப்பு அணையவில்லை. அதை அவள் அணைக்கவும் விரும்பவில்லை.

இப்போது கூட்டத்தில் சப்பறம் யாருக்கு என்பதை நிரந்தரமாக முடிவுகட்டப் போகிறார்கள். பொன்னம்பலம் ஒரு மாதமாகப் பேச்சுத் தயார் செய்தார். மாட்டுக் கொட்டிலில் நின்று மாடுகளுக்குப் பேசிக் காட்டினார். ஊரில் பாதிப் பேர் அவர் பக்கம். எழும்பிப் பேசினால் வெல்லுவார். பேசாமல் விட்டால் சப்பறம் அண்ணைக்குப் போய்விடும், வழக்கும் தீர்ந்துவிடும். வருகிற ஆவணியில் அண்ணையின் மகள் கஜானிக்குக் கலியாணம். "மாமி, நீங்கள்தான் ஆரத்தி எடுக்கவேணும்" என்று அந்தப் பிள்ளை ஒளித்துப் போன் எடுத்துக் கேட்டிருக்கிறாள். வழக்கே இல்லை என்றால், போகாதே என்று மறிக்க இந்த மனிதருக்கு என்ன முகாந்திரம் இருக்கிறது? அதோடு, ஊருக்கு முன்னால் ஒரு நாளாவது அவர் வாயடைத்துப் போய் இருக்க வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அன்று காலை அவர் தும்மிக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்து தடிமன் குளிசை போட்டார். பிறகு கழுத்தைப் பறண்டிக்கொண்டு கேட்டார்.

"கடிக்குளிசையும் ஒண்டு போட்டிட்டுப் போனால் என்ன? சொறிஞ்சுகொண்டு நிண்டு கதைக்கேலாது."

சுபாஜினி சொல்லிவிட்டதெல்லாம் அவளுடைய நாக்கு நுனியில் நின்றது. தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே விழுங்கினாள்.

"உங்களுக்குத் தெரியாததோ" என்றாள்.

அவர் போட்டார். ஒன்று காணாது என்று இன்னொன்றுக்குக் கை நீண்டபோது, அட்டையைப் பறித்து லாச்சிக்குள் வைத்து மூடினாள். மோட்டச்சைக்கிள் திறப்பைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, "திறப்பைக் காணேல்லை, ஓட்டோவிலை போவம்" என்றாள். புருசனைப் பஸ்ஸுக்கு அடியில் விழுத்தி முறிக்கிற எண்ணமெல்லாம் அவளுக்கில்லை. அவருடைய நாக்கு மட்டும் படுத்தால் போதும்.

கோயில் மடத்தில் சனம் நிறைந்திருந்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், அதனால் வராதவர்களும் வந்திருந்தார்கள். பொன்னம்பலம் முதல் வரிசையில் சால்வையைச் சரிசெய்துகொண்டு அமர்ந்தார். தலைவர் முத்துக்குமாரு வரவேற்றுப் பேசி முடிப்பதற்குள் பொன்னம்பலத்தின் தலை சரிந்து நாடி நெஞ்சில் முட்டியது. பெண்டுகள் பக்கத்தில் இருந்த குணலட்சுமி அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று ஒரு தடவை கவனித்தாள். சீராக ஏறி இறங்கியது. பிறகு நிம்மதியாகச் சாய்ந்து இருந்து ரசித்தாள்.

கனகசபாபதி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சப்பறத் திருவிழா இனி நிரந்தரமா எங்கடை குடும்பத்துக்கு எண்டு தீர்மானம். மச்சான், உங்களுக்குச் சம்மதமோ?"

பொன்னம்பலத்தின் தலை மெல்ல நிமிர்ந்து, மறுபடி விழுந்தது.

கனகசபாபதி குருடரில்லை. என்ன நடக்கிறதென்று அவருக்கு விளங்கிவிட்டது. ஊரையே ஒரு பார்வை பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னும் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் தலை ஆடியது. சிரிப்புக் கிளம்பியது. ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து நித்திரையில் கிடந்தவருக்குப் போர்த்தார். யாரோ ஒருவன் போனில் படம் எடுத்தான். குணலட்சுமிக்கு உள்ளம் துள்ளியது. இன்னும் சிரியுங்கோ, இன்னும் சிரியுங்கோ என்றுதான் நினைத்தாள்.

கைதட்டல் கிடைத்த மனிதன் அதோடு நிறுத்துவானா? கனகசபாபதி நிறுத்தவில்லை.

"எங்கடை அம்மான்ரை செத்தவீட்டுக்கும் உவையைக் காணேல்லை. அண்டைக்கும் உப்பிடித்தான் நித்திரையாக்கும்! புருசனும் பெண்சாதியும் சேந்து கொண்ட நித்திரை!"

மடம் அதிரச் சிரித்தது. குணலட்சுமிக்குக் காது அடைத்தது. ஒருவர் வாய்க்கரிசி போட விடவில்லை, மற்றவர் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார். செத்தவள் இந்த இரண்டு ஆம்பிளைகளுக்கும் சண்டைக்கு எறிகிற கல்லாகிவிட்டாள். பழி வாங்க வேண்டியவர் ஒருவர் என்று அவள் பிழையாகக் கணக்குப் போட்டிருந்தாள்.

எழும்பினாள்.

"எனக்கு ஆட்சேபணை கிடக்கு."

"பிள்ளை, உனக்கு உதுக்குள்ளை என்ன கதை? மச்சானே தலையாட்டிப் போட்டார்" என்றார் அண்ணை.

"அவர் தலையாட்டேல்லை. நித்திரை தூங்குறார். தடிமன் குளிசையும் கடிக்குளிசையும் சேத்துப் போட்டவர். சேத்துப் போடக் கூடாது எண்டு மருந்துக்கடைப் பிள்ளை எனக்குச் சொல்லி விட்டவள். நான் அவருக்குச் சொல்லேல்லை. வேணுமெண்டுதான் சொல்லேல்லை."

சிரிப்பு நின்றது. அவள் நிறுத்தவில்லை.

"அம்மாவுக்கு வாய்க்கரிசி போட என்னை விடாத மனிசன் அவர். அதுக்குத்தான். நீங்கள் என்னண்டால் அதைச் சொல்லிச் சிரிக்கிறியள். அம்மா கிடந்த அண்டைக்கு நீங்கள் படலையடிக்கு வந்து என்னைக் கூப்பிட்டிருந்தால் ஆர் மறிச்சிருப்பினம்? வந்தனீங்களோ? உங்கள் ரெண்டு பேருக்கும் சப்பறம் இல்லை. முத்துக்குமாரு ஐயா, எழுதுங்கோ. சிவக்கொழுந்தின்ரை மகள் குணலட்சுமி எண்டு என்ரை பேரிலை எழுதுங்கோ. வெங்காயம் வித்து நான் செய்யிறன்."

"பொம்பிளை பேரிலை உபயமோ?" என்று ஆம்பிளைகள் பக்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. "ஏன், அம்மன் ஆம்பிளையோ?" என்று பெண்டுகள் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஒரு கை உயர்ந்தது. பிறகு பல கைகள். இரண்டு மச்சான்மாருடைய சண்டையிலும் அலுத்துப் போயிருந்த ஆம்பிளைகளும் தூக்கினார்கள். முத்துக்குமாரு எழுதினார்.

கனகசபாபதி ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு அவளுக்குக் கிட்ட வந்தார்.

"கஜானியின்ரை கலியாணத்துக்கு நீ வரக் கூடாது."

குணலட்சுமி திரும்பிப் பார்த்தாள். பின் வரிசையில் இருந்த கஜானி தலையைக் குனிந்துகொண்டாள். அது வலித்தது. சப்பறத்தையே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றுகிற அளவுக்கு வலித்தது. கொடுக்கவில்லை.

மத்தியானம் ஓட்டோவில்தான் பொன்னம்பலத்துக்கு முழுதாக விழிப்பு வந்தது. நடந்ததையெல்லாம் ஓட்டோக்காரன் ஆசையாக ஒன்றும் விடாமல் சொன்னான். அவர் பொன்னாடையை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

வீட்டுக்குள் வந்ததும் லாச்சிக்குக் கிட்டப் போய் நின்றார். கை கழுத்தைப் பறண்டியது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் முதன்முதலாக, லாச்சியைத் திறப்பதற்கு முன் அவளைக் கேட்டார்.

"இஞ்சை... இப்ப ஒண்டு போடலாமோ?"

அவருடைய குரலில் பயம் இருந்தது. குணலட்சுமி அதை நன்றாகக் கேட்டாள். சீலையை மாற்றினாள், முகம் கழுவினாள், உலை வைத்தாள். பிறகு ஆறுதலாக வந்து லாச்சியைச் சாத்தினாள்.

"காலமை போட்டதே கூடிப்போச்சு. இண்டைக்கு இனி ஒண்டும் போடேலாது" என்றாள். "சொறியுங்கோ."