நாலாவது பாட்டில்

லீவு முடிந்து சின்னசேலத்தில் ரயிலேறக் கிளம்பிய ஜெரினிடம், ஈரத்துணி சுற்றிய பாட்டில் ஒன்றை நீட்டினாள் அவன் மனைவி பிரின்சி.

"ஏரிக்கர கெணத்துத் தண்ணிங்க. கொஞ்ச நாளா ஒரு மாதிரி கடுக்குது. உங்க லேப்ல குடுத்துப் பாருங்க. நீங்க சொல்லுவீங்களே, அதே மாதிரி மூணு தடவ அலசிட்டுத்தான் புடிச்சேன்."

பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜெரினுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. குழியிலிருந்து இறைக்கிற தண்ணீரைத் தேக்கும் நான்கு அணைகளிலும் வாராவாரம் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் எண் ஒட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். நாலாவது அணை முள்ளுக்காட்டுக்குள் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தது. சித்திரை வெயிலில் ஒருநாள் நடக்கச் சோம்பல்பட்டு, மூன்றாவது அணையிலேயே இரண்டு பாட்டில் பிடித்து, ஒன்றில் நாலு என்று எண் ஒட்டிவிட்டான். கேட்க நாதியில்லை. ஆடி பிறந்தும் அந்தப் பக்கம் அவன் கால் போகவில்லை.

நாலாவது அணைத் தண்ணீரைத்தான் ஓடையில் திறந்துவிடுவார்கள். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர்கள், "தண்ணி நல்லாக்கீதா சார்?" என்று கேட்டால், "ரிப்போர்ட்டு நல்லாத்தான் வந்திருக்குது" என்பான். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை!

"அவ்ளோ தூரம் எதுக்கு நடந்த? வூட்டுக் கொழாயிலயே புடிச்சிருக்கலாம். ரெண்டும் ஒரே தண்ணிதான?" என்றான். மூன்று மாதமாகத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம், வாய் தவறி வெளியே வந்துவிட்டது.

பிரின்சி சிரித்தாள். "நல்லா கேட்டீங்க போங்க! கெணத்துத் தண்ணிய பாக்கணும்னா கெணத்துக்குத்தான போவணும்? இத நானா உங்களுக்குச் சொல்லித்தரணும்?"