வலை இல்லாத வளையம்

மேற்கு ஃபிலடெல்ஃபியாவின் அந்த பாஸ்கெட்பால் மைதானத்தில் ஜூன் மாதத்திலிருந்து கார்னெலின் அணியை யாரும் அசைக்கவில்லை. தோற்றவர்கள் வெளியே உட்கார வேண்டும், ஜெயித்தவர்கள் ஆடிக்கொண்டே இருக்கலாம் என்பது அங்கே சட்டம். இது கோடையின் கடைசி ஞாயிறு, கடைசி ஆட்டம். இதையும் ஜெயித்துவிட்டால் குளிர்காலம் முழுக்க அவன் வாயை யாராலும் மூட முடியாது.

எதிரணியில் வெர்லீன் இருந்தாள். தபால்காரி.

"ஏம்மா, தபால் ஆபீஸ் இன்னிக்கு லீவா?" என்று சீண்டினான் கார்னெல்.

"லீவுதான். அதான் உனக்கு நேர்ல டெலிவரி."

அவன் ஆட்களே சிரித்துத் தொலைத்தார்கள்.

ஆட்டம் சமநிலைக்கு வந்தது. அடுத்த கூடை போடுகிற அணிக்கு வெற்றி. வெர்லீன் தூரத்திலிருந்தே எறிந்தாள். எறிந்த கையோடு கார்னெலின் கூட்டாளி ஓட்டிஸ் வந்து மோத, இருவரும் உருண்டார்கள். மற்றவர்கள் கண்ணில் சாயங்கால வெயில். வெயிலுக்கு முதுகைக் காட்டி, வளையத்துக்கு அடியில் நின்ற கார்னெல் மட்டும்தான் பார்த்தான். பந்து இரும்பில் எங்குமே படாமல் நட்டநடுவே இறங்கியது. வளையத்தில் வலை கிடையாது, கிழிந்து வெகுநாளாயிற்று. அதனால் ஒரு சத்தமும் இல்லை.

"உள்ள போச்சு," என்றது வெர்லீனின் அணி.

"எங்க போச்சு? முன்னாடியே விழுந்துடுச்சு," என்றார்கள் கார்னெலின் ஆட்கள்.

வெர்லீன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "கீழ நின்னவன் நீதான், கார்னெல். நீயே சொல்லு."

ஓட்டிஸ் கண்ணைக் காட்டினான். இல்லையென்று ஒரு தலையாட்டல் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. கார்னெல் வெற்று வளையத்தை அண்ணாந்து பார்த்தான்.

"ஸ்விஷ்," என்றான்.

அந்தச் சொல்லை எந்தப் பண்டிதரும் கட்டிக் கொடுக்கவில்லை. வளையத்தில் படாத பந்து வலையை உரசி இறங்கும்போது எழும் சத்தம் அது. கேட்டுச் சொக்கிப்போனவர்கள் அதையே வாயால் திருப்பிச் சொன்னார்கள். பழுதில்லாத எறிக்கு அதுவே பெயராயிற்று. இன்று வலை இல்லை. அதன் வேலையைக் கார்னெல் செய்தான். என்ன மனசு இவனுக்கு!

எதிரணி வெற்றிக் கூச்சலிட்டது. வெர்லீன் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

வெளிப் பெஞ்சில் ஓட்டிஸ் பல்லைக் கடித்தான். "வாய் ஓயாம பொய் பேசுறவன்தானே நீ? இன்னிக்கு ஒண்ணு சொன்னா என்னடா?"

"சொல்லலாம்னுதான் வாயத் திறந்தேன்," என்றான் கார்னெல். "ஆனா அது போன அழகுக்கு, போகலன்னு சொல்ல வரலடா."