ஸ்கார்ன் என்ற சொல்லுக்கு மூன்று சான்றுகள்

டாக்டர் அவ்குஷ்டின் பெர்கான்ட் ஆங்கில-ஸ்லோவேனிய அகராதியைத் தொகுத்தார் என்று லூப்லியானாவில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். தொகுத்தவள் பாவ்லா கோலென்ட்ஸ். பத்தொன்பது வருடம். ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சீட்டு, அது பிறந்த கதைக்கு ஒரு சீட்டு, ஸ்லோவேனியப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு என்று எழுதி எழுதிக் காலணிப் பெட்டிகளில் அடுக்கினாள். பெர்கான்ட் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

நான் அந்த அகராதி அலுவலகத்தில் மொழித் திருத்துநர். எங்கள் நாட்டில் திருத்துநர் கைபடாமல் சோப்பு விளம்பரம்கூட அச்சேறாது. காற்புள்ளி என் ஆட்சி, கருத்து என் வேலையில்லை. அப்படிச் சொல்லிச் சொல்லியே இருபது வருடம் ஓட்டிவிட்டேன்.

பெர்கான்ட் செய்த ஒரே வேலை ஒரு விதி போட்டதுதான். எங்கோ ஒரு மாநாட்டில் கேட்டுவிட்டு வந்து அறிவித்தார்: உதாரண வாக்கியத்தை மேசையில் உட்கார்ந்து ஜோடிக்கக் கூடாது, உயிருள்ள மனிதர் வாயில் வந்ததாக இருக்க வேண்டும். சொன்னவர் பெயர், எழுதிக்கொண்டவர் பெயர், தேதி மூன்றும் சீட்டின் அடியில் வேண்டும், அப்படியே அச்சிலும் வர வேண்டும். இதைச் சொல்லி முடித்ததும் அவருக்கே அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

விதியை மதித்தது பாவ்லா ஒருத்திதான். சந்தை, பேருந்து, பல் மருத்துவர் வாசல் என்று எங்கே போனாலும் கோட்டுப் பையில் வெற்றுச் சீட்டு இருக்கும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அகராதி வரும்போது முதல் பக்கத்தில் அவள் பெயரும் வர வேண்டும்.

அதை ஒரு நாள் கேட்டும்விட்டாள். காலை பத்தரை மணிச் சாப்பாடு, எல்லோருக்கும் முன்னால் புளித்த முட்டைக்கோஸ் சூப்.

"டாக்டர், முதல் பக்கத்துல என் பேரும் வரும்ல? கீழ, பொடி எழுத்துல போட்டாக்கூடப் போதும்."

பெர்கான்ட் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏம்மா, பொட்டி அடுக்குனவங்க பேரையெல்லாம் போட்டா, தரை தொடைக்கிறவங்க பேரையும் போடணுமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

"பத்தொம்பது வருஷம், டாக்டர்."

"பேரை அச்சுல பாக்க அவ்வளவு ஆசையா? செத்துப் போ, ஊர்ப் பலகையில ஒட்டுவாங்க. சாவு நோட்டீஸுல சுத்தி கறுப்புக் கோடெல்லாம் போட்டு அழகா இருக்கும்."

பாவ்லா பையிலிருந்து சீட்டை எடுத்து ஏதோ எழுதினாள். அவள் எப்போதும் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பவள்தானே, யார் கவனிப்பார்கள்?

அடுத்த வருடம் அச்சுப்படி வந்தது. பெர்கான்ட் கட்டைப் பிரிக்காமலே மேலே 'படித்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். நான் பிரித்தேன். இகழ்ச்சியைக் குறிக்கும் ஸ்கார்ன் என்ற சொல்லில் என் பென்சில் நின்றுவிட்டது. முழுக்கப் படித்துவிட்டு பாவ்லாவிடம் போனேன்.

"இது அப்படியே போகட்டுமா?"

"விதிப்படி இருக்கா இல்லையா, மிர்கோ?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? இந்தச் சொல்லுக்கு நல்ல சான்று கிடைக்கலன்னு ஊரெல்லாம் அலைஞ்சேன். பக்கத்து ரூம்லயே குவிஞ்சு கிடந்திருக்கு."

காற்புள்ளிகள் சரியாக இருந்தன. கையெழுத்துப் போட்டேன்.

மே மாதம் வெளியீட்டு விழா. முதல் பக்கத்தில் பெர்கான்ட் பெயர் மட்டும், அதுவும் கட்டைவிரல் தடிமனில். பாவ்லாவுக்கு ஒயின் தட்டு ஏந்தும் வேலை கொடுத்திருந்தார்கள். முன்வரிசையில் தலைமை விருந்தினர் பேராசிரியர் லாம்பெர்ட் வித்மார், காது பாதி கேட்காது.

"ஒவ்வொரு சொல்லும் நானே, என் கையால எழுதுனது," என்றார் பெர்கான்ட். "எது வேணும்னாலும் கேளுங்க, படிக்கிறேன்."

"ஸ்கார்ன் படிங்க, டாக்டர்," என்றாள் பாவ்லா, தட்டோடு.

"பாத்தீங்களா, தட்டு ஏந்துறவங்களுக்கே ஆர்வம் வந்துடுச்சு!" சபை சிரித்தது. அவர் பக்கத்தைத் திருப்பிக் கம்பீரமாகப் படித்தார். ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு ஜெர்மானியரிடமிருந்து. "முதல் பொருள், பிரெஸீர். ஆளைக் கண் தாண்டிப் போவது. சான்று: 'ரூம்ல யாருமே இல்லையா? ஓ, பாவ்லா மட்டும்தானா.' சொன்னவர், அ. பெர்கான்ட்."

சபை வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டியது. அவரும் புரியாமல் இளித்தார். பாதியில் நிறுத்தினால் அசிங்கம் என்று மேலே படித்தார். "இரண்டாவது, ஸனிச்சேவானியே. ஒன்றுமில்லை என்று ஒதுக்குவது. 'பொட்டி அடுக்குனவங்க பேரையெல்லாம்...'"

குரல் அங்கேயே நின்றது. கைதட்டலும் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க? மூணாவது என்ன?" என்று வித்மார் எழுந்துபோய்ப் புத்தகத்தை வாங்கினார். பூதக்கண்ணாடியை வைத்து, காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், எழுத்தெழுத்தாக வாசித்தார். "போஸ்மேஹ். சிரித்து மட்டம்தட்டுவது. 'பேரை அச்சுல பாக்க அவ்வளவு ஆசையா? செத்துப் போ, ஊர்ப் பலகையில ஒட்டுவாங்க.' சொன்னவர், அ. பெர்கான்ட். எழுதிக்கொண்டவர், பாவ்லா கோலென்ட்ஸ்."

தலையை நிமிர்த்தினார். "மூணுலயும் இதே பேர் இருக்கே. யாரு இந்த பாவ்லா கோலென்ட்ஸ்?"

"நான்தாங்க."

வித்மார் அவளையும் பார்த்தார், அவள் கையிலிருந்த தட்டையும் பார்த்தார். பெர்கான்ட்டின் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இங்க வந்து உக்காருங்கம்மா. தட்டை அவர்கிட்ட குடுங்க."

பெர்கான்ட் வாங்கிக்கொண்டார். இரண்டு கிளாஸ் சிந்தியது.