ஐஸ் டீ வீடு

அன்று அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்கு உரியவரான, பழைய அரச வம்சத்தில் வந்த தோன் தட் தொவான், கணவனை இழந்தபின் அண்ணனோடு வந்து தங்கிவிட்ட அவருடைய தங்கை லாய், அவருடைய ஒரே மகள் உயென், பெண் கேட்டு வந்த பைக் டாக்ஸி ஓட்டுநர் ரொத், அவர் மனைவி மெவ், மகன் வின், இவர்களோடு, யாரும் அழைக்காமலே உள்ளே வந்த கரும்புச் சாற்றுக்காரி முவோய். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் இப்போது சந்து முழுக்க இருக்கிறார்கள்.

ஹுவே நகரத்தில் ஜூன் மாதம் மலை தாண்டி வரும் அனல்காற்று விடியும்போதே தொடங்கிவிடும். தொவான் அதற்கும் முன்பே எழுந்து கருநீலப் பட்டு அங்கி உடுத்தி, தலைப்பாகை வைத்து, கூடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் மாலை தாமரைப் பூக்களுக்குள் வைத்துக் கட்டிய தேயிலையை லாய் பிரித்து வைத்திருந்தாள். கொள்ளுத்தாத்தா அரசவையில் மந்திரியாக இருந்தபோது வந்த பீங்கான் கோப்பைகள் துடைக்கப்பட்டுத் தட்டில் இருந்தன. வாசல் நிலைக்கு மேலே அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பட்டத்தைப் பொன்னெழுத்தில் பொறித்த பலகை. பழைய எழுத்து. சந்தில் யாருக்கும் அது வாசிக்கத் தெரியாது. தொவானுக்கே முதல் இரண்டு எழுத்துகள்தான் தெரியும்.

பலகைக்கு நேர் கீழே, தெருவோரத்தில், குழாய் வைத்த ஆரஞ்சு நிற டிரம் ஒன்று இருந்தது. உயென் காலையில் அலுவலகம் போகுமுன் டீ கொதிக்க வைத்து, ஆற்றி, ஐஸ் கட்டி போட்டு வைத்துவிட்டுப் போவாள். வெயிலில் போகிற யார் வேண்டுமானாலும் பிடித்துக் குடிக்கலாம். பக்கத்தில் நூலில் கட்டிய பிளாஸ்டிக் கோப்பை. ஆறு கோடைகளாகத் தொவான் அதைப் பொறுத்துக்கொண்டிருந்தார். விருந்தினருக்கு எதையும் தட்டில் வைத்து இரு கையால் கொடுத்துப் பழகிய வீடு அது.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு அத உள்ள வை," என்றார். "பொண்ணு கேக்க வர்றவங்க, இது என்ன தண்ணிப் பந்தலான்னு நெனச்சுக்கப் போறாங்க."

"ஐஸெல்லாம் போட்டாச்சேப்பா."

"நாம குடிச்சுக்கலாம்."

உயென் டிரம்மை அடுக்களைக்குப் பின்னால் இழுத்து வைத்தாள். பேச்சு நடக்கும்போது மணி அடிப்பது மரியாதையில்லை என்று கைப்பேசிகளையும் அவர் இழுப்பறையில் போடச் சொன்னார்.

அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் மனம் ஒட்டவில்லை. விசாரித்துப் பார்த்திருந்தார். ரொத்தின் அப்பா ஆற்றிலே படகில் பிறந்து படகிலேயே செத்தவர். அதற்கு மேல் யார் என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் உயென், வின்னைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று ஒரே ஒரு முறை சொன்னாள், மறுபடி சொல்லவில்லை. அதுதான் அவரை அசைத்தது. நல்ல வேளையில், முறை தவறாமல் வரட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். ஒரு நாளைப் பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் பிரிக்கும் பஞ்சாங்கம் பார்த்து லாய் குறித்தது பாம்பு வேளை. பதினொரு மணிக்கு முடிந்துவிடும்.

பதினொன்றும் ஆனது. யாரும் வரவில்லை.

"வழியில ஏதாவது டயர் பஞ்சர் ஆயிருக்கும்ணா," என்றாள் லாய்.

"பொழுதுக்கும் வண்டி ஓட்டுறவனுக்கு இந்தச் சந்துக்கு வரத் தெரியாதா? மதிப்பு இருந்தா நேரத்துக்கு வந்திருப்பான்."

உயென் வெள்ளை அங்கியின் நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். இழுப்பறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அப்பாவைக் கேட்கவில்லை.

தொவான் சொல்ல வேண்டிய சொற்களை மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 'வேளை போய்விட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.' அடுத்த வருஷம் என்றால் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். தன் குரல் உயராது என்பதில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அப்போதுதான் வாசலில் சத்தம்.

"இதாங்க! இந்த வீடுதான்! மொதல்லயே ஐஸ் டீ வீடுன்னு சொல்லித் தொலைக்கறதுக்கு என்னவாம்? மந்திரி வீடு, மந்திரி வீடுன்னா எனக்கு எப்படித் தெரியும்? இந்தச் சந்துல மந்திரி யாரு இருக்கா, என் யாவாரத்தக் கெடுக்கற அந்த டிரம்மத் தவிர!"

முவோய் கையில் கரும்பு சீவுகிற கத்தியோடு உள்ளே வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர். இரவல் கோட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டிய ரொத். சிவப்புத் துணி போர்த்திய வெற்றிலைத் தட்டை மார்போடு அணைத்திருந்த மெவ். முகம் வெளுத்துப் போன வின்.

தொவான் வாயைத் திறந்தார். ரொத் முந்திக்கொண்டார்.

"ஐயா, தப்பு எம்மேலதான். பையனத் திட்டாதீங்க. பொண்ண சந்து மொனையிலயே எறக்கி விட்டுட்டுப் போயிடுவானே தவிர, வீட்டுப் பக்கம் அவன் வந்ததே இல்ல. வீட்டு நம்பர் எழுதிக்கிறேன்னான். எதுக்குடா, அந்த வீட்டத் தெரியாதவன் எவன் இருக்கான், ஆறு கோடையா அந்த டிரம்முலதான் குடிக்கறேன், நான் கூட்டிட்டுப் போறேன்னேன். வந்து பாத்தா டிரம்ம காணோம். எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கு. ஐஸ் டீ வீடுன்னு கேக்கறது மரியாதையில்லன்னு, பையன் சொன்ன மாதிரி மந்திரி வீடுன்னுதான் கேட்டோம், யாருக்கும் தெரியல. இந்த வாசலையே மூணு தடவ தாண்டிப் போயிட்டோங்க."

"போன் பண்ணேன், யாரும் எடுக்கல," என்றான் வின், தரையைப் பார்த்து.

"இவரு, வீட்டையே இடிச்சுட்டாங்களோன்னு பயந்துட்டாரு," என்றாள் மெவ். சொல்லும்போதே அவள் கால் தடுமாறியது. லாய் பாய்ந்து பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தாமரைத் தேநீர்க் கோப்பையை நீட்டினாள். ஆவி பறந்தது. மெவ் மரியாதைக்காக வாங்கி, உதட்டில் வைத்து, சுட்டுக்கொண்டு வைத்துவிட்டாள்.

ரொத் இன்னும் நின்றுகொண்டுதான் பேசினார். "ஒரு நாள் வெயில்ல கண்ணு இருட்டி, இந்த வாசல்ல வண்டியோட விழுந்துட்டேன். ஒரு பொண்ணு வந்து ஹெல்மெட்டக் கழட்டி, உப்பு எலுமிச்சை கரைச்சுக் குடுத்துச்சு. நான் யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல. பையன் இந்தப் பொண்ணச் சொன்னப்போ, எந்தச் சந்துன்னேன். சொன்னான். அந்த டிரம் வெக்கற பொண்ணான்னு கேட்டேன். ஆமான்னான். அதோட சரிங்க. அதுக்கு மேல உங்களப் பத்தி நான் எதையும் விசாரிக்கல."

தொவானின் காது மடல்கள் சூடாயின. இவர்களைப் பற்றித் தான் மூன்று பேரிடம் விசாரித்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பலகையைக் கொண்டே ஊர் தன் வீட்டை அடையாளம் வைத்திருக்கிறது என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தார். ஊர் அடையாளம் வைத்துத்தான் இருந்தது. நல்ல பெயராகவே வைத்திருந்தது. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவள் அங்கே அங்கி நுனியைக் கசக்கிக்கொண்டு, அப்பா என்ன சொல்வார் என்று நிற்கிறாள். மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் தங்கையைப் பார்த்தார்.

"லாய், இப்ப என்ன வேளை?"

அவள் பஞ்சாங்கத்தைத் திறக்கவே இல்லை. "குதிரை வேளைண்ணா. பாம்ப விட ஒசத்தி."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடி நீங்க கேக்கலியே."

முவோய் கத்தியால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். தொவான் எழுந்து போய், மெவ்வின் மடியிலிருந்த தட்டின் சிவப்புத் துணியைத் தம் கையாலேயே நீக்கி, ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். உயென் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வின், இப்படி வா," என்றார். "அடுக்களைக்குப் பின்னால ஒரு டிரம் இருக்கு. நீ ஒரு பக்கம் புடி."

"நீங்க ஏங்க, நான் தூக்கறேன்..." என்று ரொத் பதறினார்.

"நீங்க உக்காருங்க சம்பந்தி. எடுக்கச் சொன்னது நான். எடுத்த எடத்துல நான்தான் வெக்கணும்."

சந்தில் இப்போது ஒரு பேச்சு இருக்கிறது: அரச வம்சத்துத் தொவான் அன்று பட்டு அங்கியும் தலைப்பாகையுமாகத் தெருவில் நின்றுகொண்டு, நூலில் கட்டிய பிளாஸ்டிக் கோப்பையில் ஐஸ் டீ குடித்தாராம். அது தவறு. அவர் நின்றுகொண்டு குடிக்கவில்லை. முவோய் தன் வண்டியிலிருந்து இரண்டு முக்காலி கொண்டுவந்து போட்டாள். சம்பந்தி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கோப்பையை வாங்கி, உட்கார்ந்து குடித்தார்.