துரையின் கழுத்துக் காயம்

நாய் வீட்டுக்கு வந்து சேராத அன்று காலையில் ராமசுப்பு அதைத் தேடிப் போன இடம் ஒன்றே ஒன்றுதான். ஊரில் வேறு யார் வீட்டு நாய் காணாமல் போனாலும் கண்மாய்க்கரை, ஓடைப்பக்கம், கறிக்கடை வாசல் என்று நாலு இடம் பார்ப்பார்கள். இவன் நேரே தன் மக்காச்சோளக் காட்டின் தெற்கு மூலைக்குப் போனான். கையில் குறடும் எடுத்துப் போனான். அதிலிருந்தே தெரியவில்லையா, அவன் மனசுக்குள் என்ன ஓடியது என்று?

அங்கேதான் பன்றிக்குச் சுருக்கு வைத்திருந்தான். பழைய வண்டியின் கிளட்ச் ஒயரை வளையமாக்கி, உடைமரத்து வேரில் இறுக்கிக் கட்டிய சுருக்கு. அவன் வீட்டு நாய் துரை அதில் கழுத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. திமிறிப் பார்த்து, திமிறத் திமிறக் கம்பி உள்ளே போகிறது என்று தெரிந்ததும் புத்தியாகச் சும்மா இருந்துவிட்டது போலும். நாக்கு நீலமாக வெளியே தொங்கியது. இவனைக் கண்டதும் வாலை ஆட்டியது.

கம்பியை வெட்டி எடுத்தான். வெட்டிய கம்பியைப் பாழுங்கிணற்றில் வீசினான். அதற்கப்புறம்தான் நாயைத் தூக்கினான். இந்த வரிசையைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அவன் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஓடை நெடுகிலும் அடர்ந்து கிடக்கும் சீமை உடை முட்காட்டுக்குள் பன்றிகள் குட்டியும் குளுவானுமாகக் குடியிருந்தன. கதிர் பால் பிடிக்கும் நேரம் பார்த்து இறங்கும். தின்பது கொஞ்சம், உழப்பிச் சாய்ப்பதுதான் அதிகம். வானம் பார்த்த கரிசலில் ஒரே ஒரு வெள்ளாமை. அதுவும் பன்றிக்குப் போனால் சம்சாரி எங்கே போவான்? அதனால் ஊரில் பலபேர் கள்ளத்தனமாகக் கம்பி வைத்தார்கள். ஐப்பசியில் உச்சிமாகாளியின் சினை ஆடு யாரோ வைத்த சுருக்கில் மாட்டிச் செத்துப்போனது. அந்த மனிதர் செத்த ஆட்டைத் தோளில் போட்டு வந்து காளியம்மன் கோயில் வாசலில் கிடத்திவிட்டார். ஊர் கூடியது. இனிமேல் எவனும் கம்பி வைப்பதில்லை என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து, எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினார்கள். மீறினவனை ஊரே வனத்துறையில் பிடித்துக் கொடுக்கும் என்றும் பேச்சு. அன்றைக்குக் கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசியவன் ராமசுப்பு. கம்பி வைக்கிறவன் கை விளங்காது என்று சொன்னவனும் அவனேதான். மார்கழி பிறந்து, ஒரு வாரத்தில் நாலு பாத்தியைப் பன்றி தின்றதும், அந்தக் கையாலேயே கம்பியை முறுக்கினான்.

வீட்டில் அவன் பெண்டாட்டி வள்ளிமயில் நாயின் கழுத்தைப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள். கல்யாணமாகிப் போன மகளுக்கு அப்புறம் அந்த வீட்டில் அவள் மூச்சுவிடாமல் பேசுவது துரையிடம்தான். அவள் ஆடுகளுக்கு அதுதான் காவல். தார்ரோட்டோரம் குட்டியாகக் கிடந்ததை முந்தானையில் சுற்றி எடுத்துவந்து, சங்கில் பால் புகட்டி வளர்த்தவள். யார் வந்தாலும் எழுந்திருக்காமல் கால்மேல் கால் போட்டுப் பார்ப்பதால் துரை என்று பேரும் வைத்தாள்.

ஓடையில் நாய்கள் கூடிச் சண்டை போட்டன, ஏதோ வேற்றூர் நாய் கழுத்தைக் கவ்விவிட்டது என்று ராமசுப்பு கதை கட்டினான். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன? கட்டின புருசன் நாய் விஷயத்தில் பொய் சொல்வான் என்று எந்தப் பெண்பிள்ளை நினைப்பாள்? உப்புத் தண்ணீரைச் சுடவைத்துக் காயத்தைக் கழுவி, மஞ்சளை இழைத்து அப்பினாள். முந்தின நாள் புல்லறுக்கும்போது அரிவாள் பட்ட விரல் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதே விரலால்தான் துரையின் வாயோரம் வழிந்ததையும் துடைத்தாள்.

உடனே டாக்டரிடம் கொண்டுபோவோம் என்றாள். நாய்க்குக் காயம் நக்கினாலே ஆறிவிடும் என்று அவன் தட்டிக்கழித்தான். தன் கழுத்தை நாய் எப்படி நக்கும் என்று அவளும் கேட்கவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் சும்மா இருக்க முடியாமல் புதூருக்குப் போய், மாட்டுத்தீவனமும் கால்நடை மருந்தும் விற்கும் முத்து முகம்மது கடையில் களிம்பு வாங்கினான். அவர் கடியா, கிழிசலா என்று கேட்டார். கடிதான் என்றான். களிம்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கழுத்துக் காயத்துக்கு இது மட்டும் போதாது, நாய் தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள், குடிக்கவில்லை என்றால் களிம்பை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ராமசுப்பு தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

துரை தண்ணீர் குடிக்கவில்லை. சட்டிக்குள் மூக்கை விடும், நாக்கால் அளையும், உள்ளே இறங்காது. இருமி வெளியே தள்ளிவிடும். கழுத்து வீங்கித் தலையும் உடம்பும் ஒன்றாகிவிட்டது. குரைத்தால் குரல் கம்மிக்கொண்டு வேறு ஏதோ பிராணி கத்துவது போல் இருந்தது. வாய் மூடாமல் எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. வெளிச்சத்தில் நிற்காமல் மாட்டுத்தொழுவின் இருட்டு மூலையில் போய் ஒடுங்கியது. வள்ளிமயில் காலையும் சாயங்காலமும் டாக்டர் டாக்டர் என்று அரித்தாள். இவன் மருந்தடிக்க ஆள் வருகிறது என்பான், அமாவாசை என்பான், வண்டிக்கு டயர் சரியில்லை என்பான். டாக்டர் கழுத்தைப் பார்த்தால் கம்பி என்று கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம் ஒன்றுதான் அத்தனை சாக்குக்கும் அடியில் இருந்தது. நாளுக்கு நாள் காயமும் அவனுக்கு உதவியாக வீங்கி, மஞ்சளும் களிம்பும் சீழும் சேர்ந்து, கடியா கம்பியா என்று யாருக்கும் தெரியாதபடி மூடிக்கொண்டது.

கடைசியில் வள்ளிமயில் அவனைக் கேட்கவில்லை. குட்டியானைச் சரக்கு வண்டி வைத்திருக்கும் உச்சிமாகாளியிடம் போய்க் கேட்டாள். ஆட்டைப் பறிகொடுத்த அந்த மனிதர்தான், வாயில்லா சீவன் விஷயம் என்றதும் டீயைக்கூடக் குடித்து முடிக்காமல் வண்டியை எடுத்தார். ராமசுப்பு கூடப் போகாமல் இருக்க முடியுமா? போனான்.

டாக்டர் இந்துஜா சின்ன வயசுக்காரி. சாக்கில் கிடந்த துரையைக் குனிந்து பார்த்தவள், தொங்கின தாடையையும் எச்சிலையும் பார்த்ததும் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். தடுப்பூசி போட்டதுண்டா என்று கேட்டாள், கிடையாது. எந்த நாய் கடித்தது, அந்த நாய் இப்போது எங்கே என்று கேட்டாள்; தெரியாது. வெறிநோய் கடித்த வாரத்திலேயே இப்படிக் காட்டாது, ஆனால் முன்னமே வேறு எங்காவது கடி வாங்கியிருக்கலாம், நோய் வந்த நாய்தான் வலியப் போய்ச் சண்டை இழுக்கும் என்று சொன்னாள். வள்ளிமயில் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் டாக்டர் ராமசுப்புவின் முகத்துக்கு நேரே பார்த்துக் கேட்டாள்.

"இன்னொன்னும் இருக்கலாம். கழுத்துல கயிறோ கம்பியோ விழுந்து இறுக்கியிருந்தா, தொண்டை வீங்கி இதே மாதிரிதான் எச்சில் வடியும், தண்ணி இறங்காது. அப்படின்னா இப்பவே மயக்கம் கொடுத்துக் காயத்தைத் திறந்து பார்த்துருவேன். பிழைக்க வழி இருக்கு. சண்டைல கடிபட்டதுன்னா நான் அதைத் தொட முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

ஒரு வார்த்தை. கம்பி என்று ஒரே ஒரு வார்த்தை. அது அவன் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்தில் உச்சிமாகாளி துண்டால் மூக்கைப் பொத்தியபடி நின்றார். சொல்லிவிட்டால், அவருடைய சினை ஆட்டைக் கொன்றதும் இவன்தான் என்று ஊர் சொல்லும். அது இவன் இல்லை. ஆனால் யார் நம்புவார்கள்? ராமசுப்பு வார்த்தையை மென்று முழுங்கினான்.

"எங்க ஊர்ல கம்பியே கிடையாதும்மா. சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கோம்."

"ஆமாம்மா, கற்பூரம் அணைச்சிருக்கோம்" என்றார் உச்சிமாகாளி.

டாக்டர் ஒரு மூச்சு விட்டாள். தனியாகக் கட்டிப்போட வேண்டும், கிட்டே போகக் கூடாது, அடித்துக் கொல்லவும் கூடாது என்றும், தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னாள். தொட்டவர்கள், குறிப்பாகக் கையில் காயம் உள்ளவர்கள், இன்றைக்கே கோவில்பட்டி பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். வள்ளிமயிலுக்கு உதடு வெளுத்துவிட்டது.

ஆஸ்பத்திரி வரிசையில் வள்ளிமயிலோடு ராமசுப்புவும் நின்றான். எனக்கு வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே. இல்லாத நோய்க்குச் சட்டைக் கையைச் சுருட்டி ஊசியை வாங்கிக்கொண்டான். வலிக்குதா என்று அவள்தான் அவனைக் கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. தொழுவுக்கு வெளியே முள்ளை வெட்டிப் போட்டாயிற்று. தெருப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை. வள்ளிமயில் காலையில் எழுந்ததும் செம்பில் தண்ணீர் மொண்டு வைத்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீரைக் கண்டு தனக்குப் பயம் வருகிறதா என்று பார்க்கிறாளாம். பிறகு மெதுவாக ஒரு மிடறு குடித்து, இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் முகத்தைக் கழுவுவாள். அதை ஒரு நாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டு ராமசுப்பு காட்டுக்கு ஓடிப்போய் மக்காச்சோளத்துக்குள் உட்கார்ந்து அழுதான். அழுது என்ன? வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

அவள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகும் நேரத்தில் முள்ளை விலக்கி உள்ளே போய், அகப்பையால் துரையின் வாயில் தண்ணீர் விட்டுப் பார்ப்பான். எல்லாம் வெளியேதான் வழியும். துரை அவன் கையைக் கடிக்கவில்லை. கடிக்கிற நோய் அதற்கு இல்லையே. ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிப் பார்க்க மாட்டான், என்ன மனுசன் என்று ஊரில் பேச்சாயிற்று. அந்தப் பாராட்டையும் அவன் காதில் வாங்கிக்கொண்டு சும்மாதான் இருந்தான்.

கடைசியில் மனசு கேட்காமல் ஒரு மத்தியானம் நாயைச் சாக்கில் சுருட்டி வண்டியின் முன்னால் வைத்துக் கிளம்பினான். டாக்டரிடம் தனியாகப் போய், காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று எண்ணம். கோயில் திருப்பத்தில் நாலு பேர் கம்போடு மறித்தார்கள். வெறிநாயை ஊருக்குள் எதற்குத் தூக்கிக்கொண்டு திரிகிறாய், பிள்ளைகுட்டி இருக்கிற தெரு என்று கத்தினார்கள். அங்கேயாவது சொல்லியிருக்கலாம். கம்புகளைப் பார்த்தான். கோயில் வாசலைப் பார்த்தான். காற்றாட வைக்கத்தான் கொண்டுவந்தேன் என்று முனகிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

மறுநாள் விடிந்தபோது துரை விறைத்துக் கிடந்தது. உச்சிமாகாளியே ஓடைக்கரையில் ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார். வள்ளிமயிலை அருகில் விடவில்லை. தூரத்தில் நின்று, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பார்த்தாள். டாக்டர் வந்தபோது புதைத்தாகிவிட்டது. சொல்லிவிட்டுப் புதைத்திருக்கலாமே, பரிசோதனைக்கு அனுப்பியிருப்பேனே என்று அவள் வருத்தப்பட்டுப் போனாள்.

அடுத்த ஊசிக்குப் போகும் காலையில் புருசனும் பெண்டாட்டியும் பஸ்ஸுக்காக ரோட்டில் நின்றார்கள். வேறு யாரும் இல்லை. வள்ளிமயில் ஆளே பாதியாகிப் போயிருந்தாள். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆடுகளை மகள் வீட்டுக்கு ஓட்டிவிடுங்கள், நீங்கள் இந்த ஊசியை நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்று நிதானமாகச் சொன்னாள். அவன் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவள் கவலை. அதைக் கேட்டதும் ராமசுப்புவுக்குத் தாங்கவில்லை. சுருக்கு, குறடு, கிணறு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். உனக்கு ஒன்றும் வராது, வெறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, ஊசியே வேண்டாம், வா வீட்டுக்குப் போவோம் என்று அவள் கையைப் பிடித்தான்.



"அப்ப, டாக்டரம்மா கேட்டப்ப சொல்லியிருந்தா தொரை பொழைச்சிருக்குமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நோயே இல்லன்னா நீங்க எதுக்கு ஊசி போட்டீங்க?"

பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் கையை விடுவித்துக்கொண்டு பையை எடுத்தாள். ஏட்டி, சத்தியமாச் சொல்லுதேன், ஏறாதே என்று அவன் கெஞ்சினான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"அன்னைக்கும் சத்தியம்னுதான் சொன்னீங்க. இதுல எத நம்பி நான் என் உசுர வைக்க?"

ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அவனும் ஏறுவானா மாட்டானா என்று தெரியாமல் கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ரெண்டு டிக்கெட்டா என்று கேட்டார். வள்ளிமயில் ஒன்று என்றாள்.